முதல் கணக்கு மட்டும்

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் ஒன்றும் இல்லை. பத்தாம் வகுப்பு வரை படித்தவள். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும், மகளின் பள்ளிக்கூடத்துக்கு விடுப்புக் கடிதமும்தான். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் வராது. படித்தவர்கள் எழுதுகிற இடத்தில் நானும் வந்து உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். சொல்வது முன்னே பின்னே இருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுத வேண்டியதாகிவிட்டது. கொஞ்ச நாளைக்கு முன்னால் சாமல்பட்டிப் பக்கம் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பெரிய நாத்தனார், இலையில் சோறு விழுவதற்கு முன்பே ஆரம்பித்தார்.

"என்னாம்மா, ஒம் பொண்ணு காலேஜ பாதியில உட்டுட்டாளாமே? ஏதாச்சும் பையன் விவகாரமா?"

"அதெல்லாம் இல்லைங்க அண்ணி."

"பின்ன? மண்டையில ஏறலையா?"

எதிர் வரிசையில் இருந்தவர்களும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் குனிந்து இலையில் வைத்திருந்த பொரியலைச் சாப்பிட ஆரம்பித்துவிட்டேன். இரண்டில் ஏதோ ஒன்று என்று அவர்களே முடிவு செய்துகொண்டிருப்பார்கள். இரண்டும் இல்லை. அன்று பந்தியில் வராத பதில் வீட்டுக்கு வந்த பிறகும் என்னை விடவில்லை. அதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

கல்யாணமான புதிதில் வேலை தேடி ஓசூருக்கு வந்தவர்கள் நாங்கள். என் வீட்டுக்காரர், வண்டிகளுக்குப் பல்சக்கரம் செய்து கொடுக்கிற ஒரு சின்னக் கம்பெனியில் மிஷின் செட்டர். ஆபரேட்டர்கள் ஓட்டுவதற்கு முன்னால் மிஷினைச் சரிப்படுத்திக் கொடுக்கிற வேலை. நான் கெலவரப்பள்ளி அணைக்குப் போகிற வழியில் ஒரு ரோஜாப் பண்ணையில் வேலை செய்கிறேன். காம்பின் நீளத்தையும் வளைவையும் பார்த்துப் பூவைத் தரம் பிரித்துக் கட்ட வேண்டும். எங்களுக்கு ஒரே மகள்.

அவளுக்கு இயற்பியல் பைத்தியம் பிடித்தது அந்த அணையில்தான். மதகு திறந்தால் ஆற்றில் நுரை பொங்கிக்கொண்டு வரும். மேலே பெங்களூரிலிருந்து வருகிற கழிவெல்லாம் தென்பெண்ணையில் சேர்வதால் என்பார்கள். காற்றடிக்கிற நாளில் அந்த நுரை துண்டு துண்டாகப் பறந்து ரோட்டில் வந்து விழும். நாங்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றிக்கொண்டு போவோம். பதினோராம் வகுப்பு விடுமுறையில் ஒரு நாள் என்னோடு பண்ணைக்கு வந்தவள், ரோட்டில் கிடந்த நுரைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, இங்க பாரேன். எவ்ளோ கலரு!"

"தொடாதடி, கை அரிக்கும்."

"அழுக்குத் தண்ணிதானே? இதுல எப்படிம்மா கலர் வருது?"

எனக்கு எப்படித் தெரியும்? பள்ளிக்கூடம் திறந்ததும் இயற்பியல் எடுத்த வாத்தியாரிடம் போய்க் கேட்டிருக்கிறாள். அவர் சொல்லிக் கொடுத்ததை வைத்துக்கொண்டு அதற்கப்புறம் ஒரு மாதம் எங்களை உட்கார விடவில்லை. ஒரு உள்ளங்கையின் மேல் இன்னொரு உள்ளங்கையைக் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பிடிப்பாள். மேல் கை நுரையின் மேல் தோல், கீழ்க் கை கீழ்த் தோல். மேலே பட்டுத் திரும்புகிற வெளிச்சமும் கீழே பட்டுத் திரும்புகிற வெளிச்சமும் ஒன்றாகச் சேரும். தோலின் தடிமனைப் பொறுத்து ஒரு நிறம் கூடும், இன்னொரு நிறத்தில் இரண்டு வெளிச்சமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். எனக்குப் பாதிதான் புரியும். ஆனால் அவள் சொல்லும்போது முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

நாங்கள் குடியிருக்கிற வாடகை வீட்டின் சொந்தக்கார அக்கா தெலுங்குக்காரர். படிப்பை 'சதுவு' என்றுதான் சொல்வார். அவரையும் பிடித்து உட்கார வைத்து இதைச் சொன்னாள்.

"அய்யோ ராமா! அந்த நாத்தம் புடிச்ச நொரையில இவ்ளோ சதுவு இருக்குதா? அப்ப நானு தெனம் துணி தொவைக்கிறேனே, நானே பெரிய டாக்டரு!"

அவர் சிரிக்கச் சிரிக்க இவள் மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள்.

பதினொன்றில் அவள் எடுத்திருந்தது கணக்கு இல்லாத அறிவியல் பிரிவு. அந்த வருடம் அந்தப் பள்ளியில் மேல்வகுப்புக் கணக்குக்கு வாத்தியார் இல்லை. நாங்களும் அப்போது நர்சிங் என்றுதான் நினைத்திருந்தோம். நர்சுக்குக் கணக்கு எதற்கு என்று எல்லோரும் சொன்னார்கள். பன்னிரண்டு முடித்ததும் நர்சிங் வேண்டாம், இயற்பியல்தான் என்று நின்றுவிட்டாள். கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கல்லூரியில் கணக்கு எடுக்காதவர்களையும் அந்தப் பாடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். இடம் கிடைத்த அன்று அவள் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரைக்கும் ஓடியே வந்தாள். எங்கள் இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் பட்டப்படிப்புக்குப் போன முதல் ஆள் அவள்.

முதல் வாரத்தின் கடைசியில் ஒரு சாயங்காலம், வந்தவள் செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்றாள்.

"அம்மா, போர்டுல ஒண்ணு போட்டாங்க. பாம்பு நிமிந்து நிக்கற மாதிரி. எல்லாரும் அவங்க பாட்டுக்கு எழுதினு போறாங்க. எனக்கு அது எழுத்தா எண்ணான்னே தெரியல."

பாடம் எடுத்த பேராசிரியை நல்லவர். பன்னிரண்டில் கணக்கு எடுக்காதவர்கள் கை தூக்கச் சொல்லியிருக்கிறார். மகளோடு சேர்த்து நான்கைந்து கைகள். பதினோராம் வகுப்புக் கணக்குப் புத்தகம் இரண்டு பாகத்தையும் வாங்கி நீங்களே போட்டுப் பாருங்கள், பரீட்சைக்குள் முடித்துவிட்டால் பயமில்லை, சந்தேகம் வந்தால் எப்போது வேண்டுமானாலும் என் அறைக்கு வாருங்கள் என்றாராம்.

எப்போது வேண்டுமானாலும் வா என்றால் எங்கள் வீட்டில் ஒருத்தரும் போக மாட்டோம். இன்ன நாள், இன்ன நேரம் என்றால் போவோம். அவள் ஒரு முறை அந்த அறை வாசல் வரைக்கும் போயிருக்கிறாள். உள்ளே அவர் யாரோடோ பேசிக்கொண்டிருந்தாராம். திரும்பி வந்துவிட்டாள். என் மகள்தானே. ஓசூரில் ஒரு டியூஷனுக்கும் போய்ப் பார்த்தாள். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார வேண்டியிருந்தது. ஒரு பையன் அவளை "மிஸ்" என்று நினைத்து எழுந்து நின்றானாம். அதோடு அதுவும் போயிற்று. போனில் பாடம் நடத்துகிறவர்களைப் பார்ப்பாள். "பாக்கறப்ப எல்லாம் புரியுதும்மா. போனைக் கீழ வெச்சா அதுவும் கூடவே போயிருது" என்பாள்.

நானும் மகளும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு நாள், வேலை விட்டு வந்த என் வீட்டுக்காரர் கேட்டார்.

"என்னாத்துக்கு ஆளுக்கொரு பக்கம் மூஞ்சத் தொங்கப் போட்டுனு இருக்கீங்க? புத்தகம் எங்க? வாங்கியாச்சா?"

இரண்டு பாகத்தையும் எடுத்துக் கொடுத்தாள். அவர் கை கழுவிவிட்டு வந்து, புது மிஷினோடு வருகிற புத்தகத்தைப் பார்ப்பதுபோல் பக்கம் பக்கமாகப் புரட்டினார். எழுத்தைப் படிக்கவில்லை. எத்தனை பயிற்சி, ஒவ்வொன்றிலும் எத்தனை கணக்கு என்று மட்டும் பார்த்தார்.

"கண்ணு, ஒவ்வொரு பயிற்சியிலயும் பத்து பன்னெண்டு கணக்கு வெச்சினு இருக்கான். எல்லாத்தையும் போட்டுனு இருந்தா பரீட்சை தாண்டிப் போயிரும். நாம ஃபர்ஸ்ட் பீஸ் போட்டுனு போலாம்."

அவர்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வேலை முடிந்து வேறு வேலை ஏற்றும்போது செட்டர் மிஷினைத் திருத்தி, ஒரே ஒரு பீஸ் மட்டும் வெட்டுவார். அது தரம் பார்க்கிற குவாலிட்டி ஆளிடம் போகும். அவர் அளந்து பார்த்து, படத்தில் உள்ளபடி இருந்தால் மிஷினில் ஒரு பச்சை அட்டை தொங்கவிடுவார். அதற்குப் பிறகு ஆபரேட்டர் அந்த ஷிப்டு முழுக்க ஓட்டலாம். முதல் பீஸ் சரியாக வந்தால் மிச்சம் அதே மாதிரி தானாக வரும். அங்கங்கே ஒன்றை எடுத்துச் சரிபார்த்தால் போதும். இருபது வருடமாக அவர் அப்படித்தான் வேலை செய்கிறார்.

அதே மாதிரி ஒவ்வொரு பயிற்சியிலும் முதல் கணக்கை மட்டும் போடுவது. புத்தகத்தின் பின்னால் விடை இருக்கிறது. சரியாக வந்தால் அந்தப் பயிற்சி ஓகே. அடுத்ததற்குப் போய்விடலாம். இப்படிப் போனால் பரீட்சைக்குள் இரண்டு பாகமும் முடிந்துவிடும். மகள் கொஞ்ச நேரம் யோசித்தாள். அவளுக்கும் சரியென்றுதான் பட்டது. எனக்கும்தான். எங்கள் வீட்டில் அடுப்பு எரிவதே அந்த முறையில்தான், அதில் என்ன சந்தேகம் வரும்?

"ஆனா ஒண்ணு. செட்டிங் பண்ணவனே ஓகே பண்ணக் கூடாது. அது ரூல். குவாலிட்டி வேற ஆளா இருக்கணும்" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "இந்தா, நீதான் குவாலிட்டி."

"எனக்கு இதுல என்னாங்க தெரியும்?"

"குவாலிட்டிக்காரனுக்கு மிஷின் ஓட்டத் தெரியுமா? ட்ராயிங்ல இருக்கறது பீஸ்ல இருக்குதான்னு பாப்பான். அவ்ளோதான். விடைப் பக்கம்தான் ஒனக்கு ட்ராயிங்."

மறுநாளே கம்பெனியில் தூக்கிப் போட்ட, முனை கிழிந்த ஒரு பச்சை அட்டையைக் கொண்டு வந்தார். தினமும் சாயங்காலம், குக்கரை வைத்துவிட்டு நான் உட்காருவேன். அவள் முதல் கணக்கைப் போட்டு என் பக்கம் தள்ளுவாள். நான் பின்பக்கத்தைத் திறந்து, விடையின் ஒவ்வொரு குறியின் மேலும் விரலை வைத்து, இவள் எழுதியதோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். பூவில் காம்பு வளைவு பார்க்கிற பார்வைதான். என்ன குறி, எதற்கு என்றெல்லாம் தெரியாது. ஒத்துப்போனால் "ஓகே" என்பேன். அவர் பச்சை அட்டையை உருவி அடுத்த பயிற்சிப் பக்கத்தில் வைப்பார்.

அந்த மாதங்கள் எங்களுக்கு நன்றாக இருந்தன. இப்போது நினைத்தால் அதுதான் அதிகம் வலிக்கிறது.

ஒரு நாள் அந்தப் பாம்புக் குறி வருகிற பாடம். அவள் விடையில் எல்லாம் சரி, கடைசியில் மட்டும் ஏதோ குறைந்தது. புத்தகத்தில் கூட்டல் போட்டு ஒரு 'சி' இருந்தது.

"சி எங்கடி?"

"அய்யோ ஆமாம்மா! அதை மறந்தா மிஸ்ஸு அடிச்சிருவாங்க!"

"ரிஜெக்ட்டு" என்று அவர் சமையலறையிலிருந்து கத்தினார். அன்று எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

இன்னொரு நாள் ஒரு எண்ணின் பேரில் தகராறு. அவள் மேலே ரூட் இரண்டு, கீழே இரண்டு என்று எழுதியிருந்தாள். புத்தகத்தில் மேலே ஒன்று, கீழே ரூட் இரண்டு. நான் ரிஜெக்ட் என்றேன். பாவம், திரும்பத் திரும்பப் போட்டாள். திரும்பத் திரும்ப அதுவே வந்தது. குக்கர் விசில் அடித்து, நான் எழுந்து போய் இறக்கிவிட்டு வந்த பிறகு சத்தமாகச் சிரித்தாள்.

"அம்மா, ரெண்டும் ஒண்ணுதாம்மா! எழுதற விதம்தான் வேற."

"எனக்கு ரெண்டும் வேறயாத்தான் தெரியுது."

"குவாலிட்டி மேடம் சொன்னா அப்பீலே கெடையாது" என்றார் அவர். "புத்தகத்துல இருக்கற மாதிரியே எழுதிக் குடு."

வாடகை வாங்க வந்த வீட்டுக்கார அக்கா இதைப் பார்த்துவிட்டு வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஏம்மா, பூ கட்டற கையி கணக்கு திருத்துதா? இனிமே எங்க பேரனயும் கூட்டினு வரேன். பீசு எவ்ளோ?"

பரீட்சைக்கு முன்னால் இரண்டு பாகமும் முடிந்தன. கடைசி விடைக்கு நான் ஓகே சொன்னதும், அவர் பச்சை அட்டையில் நூல் கட்டி இரண்டாம் பாகத்தின் அட்டையில் தொங்கவிட்டார். "இனிமே லைன ஓட்டலாம்" என்றார். அன்று பிரியாணி பார்சல் வாங்கி வந்தார்.

பரீட்சை எழுதிவிட்டு வந்தவளிடம் எப்படி என்று கேட்டேன். "எழுதியிருக்கேம்மா" என்று மட்டும் சொன்னாள். முகத்தைப் பார்த்தேன். பஸ் அலுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

முடிவு போனில் வந்தது. கணக்குத் தாளில் பெயில். இயற்பியலில் விளிம்பில் பாஸ். அவர் ஷிப்டு முடிந்து வருகிற வரைக்கும் அவள் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வந்தவரிடம் நீட்டினாள். அவர் திட்டவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

"எப்படிக் கண்ணு? எல்லாம்தான் ஓகே ஆச்சே. மொத பீஸ் ஓகேன்னா மிச்சம் எப்படி ரிஜெக்ட் ஆவும்?"

"கேக்கற எல்லாக் கணக்கும் ஆரம்பிக்கத் தெரியுதுப்பா. ரெண்டாவது வரிக்கு மேல கை போவல."

"ஏன்?"

அவள் எழுந்து போய் இரண்டாம் பாகத்தை எடுத்து வந்தாள். பச்சை அட்டை அதில் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு பயிற்சியைத் திறந்து, அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, விரலால் காட்டினாள்.

"ஒங்க கம்பெனியில மொத பீசும் நூறாவது பீசும் ஒரே மாதிரிதானே? இது அப்படி இல்லப்பா. மொத கணக்கு சும்மா கைப்பழக்கத்துக்கு. ரெண்டாவதுல ஒண்ணு கூடச் சேரும். போகப் போக, முன்னாடி பாடத்துல இருக்கறதெல்லாம் உள்ள வரும். இதோ, இந்தக் கடைசிக் கணக்கு இருக்குது பாருங்க. இந்த மாதிரிதான் பரீட்சையில கேக்கறாங்க. இதை நாம ஒண்ணுகூடப் போடல."

அவர் அந்தக் கடைசிக் கணக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்ப ஒவ்வொரு கணக்குக்கும் செட்டிங் மாத்தணுமா?"

"ஆமாப்பா. ஒவ்வொண்ணுக்கும்."

சட்டையைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். தட்டு வைத்தேன். "வெச்சிட்டுப் போ" என்றார். மகள்தான் பக்கத்தில் உட்கார்ந்து, "அர்ரியர் எழுதிக்கலாம்பா. எல்லாரும் எழுதறாங்க" என்று சமாதானம் சொன்னாள்.

அடுத்த பருவத்தில் எல்லாக் கணக்கையும் போடுவது என்று ஆரம்பித்தோம். தினமும் சாயங்காலம் வீட்டில் இருக்க வேண்டும் என்று, சூப்பர்வைசரிடம் கேட்டு அவர் காலை ஷிப்டே வாங்கிக்கொண்டார். ஆனால் முதல் பாடத்திலேயே நின்றுபோனோம். கல்லூரியில் பாடம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது, புதிதாக இன்னொரு கணக்குத் தாளும் சேர்ந்துகொண்டது. அவளோடு கை தூக்கியவர்களில் ஒரு பெண் வேறு பாடத்துக்கு மாறிவிட்டாள். மற்றவர்கள் எப்படியோ ஒரு டியூஷன் பிடித்துப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த டியூஷன் கிருஷ்ணகிரியில், கல்லூரி விட்ட பிறகு. அதற்கு இருந்துவிட்டு ஓசூர் வருவதென்றால் இருட்டிவிடும் என்று நாங்கள்தான் தயங்கினோம். அவளும் வற்புறுத்தவில்லை.

சாயங்காலம் நான் அதே இடத்தில் உட்காருவேன். அவள் நோட்டைத் தள்ளுவாள். நான் பின்பக்கத்தில் விரல் வைத்துப் பார்ப்பேன். ஒத்துப்போகாது. முன்பெல்லாம் ரிஜெக்ட் என்பது எங்களுக்கு விளையாட்டு. இப்போது அந்த வார்த்தை எனக்கு வாயில் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டுவேன். அவள் நோட்டை இழுத்து மறுபடியும் போடுவாள். அதுவும் ஒத்துப்போகாது. ஒரு கணக்கில் ஒரு சாயங்காலமே போகும். எந்த வரியில் தப்பு என்று சொல்ல எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. கடைசியில் இருக்கிற விடையைத்தான் எனக்குப் பார்க்கத் தெரியும்.

அப்படி ஒரு நாள். ஒரே கணக்கை மூன்றாம் முறையாகப் போட்டு என்னிடம் தள்ளிவிட்டு, அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். நான் பார்த்தேன். புத்தகத்தில் இருப்பது வேறு. அவர் அவள் முதுகுக்குப் பின்னால், கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். நான் நிமிர்ந்தபோது அவர் கண்ணால் எனக்கு ஜாடை காட்டினார். உதட்டை மட்டும் அசைத்தார். ஓகே சொல்லு.

இருபது வருடத்தில் ஒரு தப்பான பீசைச் சரியென்று அனுப்பியதில்லை அவர். அதற்காக மேனேஜரோடு சண்டை போட்டு, சம்பளப் பிடித்தம் வாங்கியிருக்கிறார். அந்த மனிதர் என்னிடம் ஓகே சொல்லச் சொல்லிக் கெஞ்சுகிறார். அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகத்திலிருந்து கையை எடுத்து முதலில் என்னைப் பார்த்தாள். நான் எங்கே பார்க்கிறேன் என்று அவளும் திரும்பிப் பார்த்தாள். அவர் கண்ணை மாற்றிக்கொள்வதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

கோபப்படவில்லை. என் கையிலிருந்த புத்தகத்தை மெதுவாக வாங்கி மூடினாள்.

"போதும்மா" என்றாள். "இனிமே நீங்க ரெண்டு பேரும் உக்கார வேணாம்."

அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் கல்லூரிக்குப் போய் வந்தாள். புத்தகத்தைத் திறக்கவில்லை. பஸ் கிடைக்கவில்லை, தலைவலி என்று நடுநடுவே நின்றாள். பிறகு ஒரு சனிக்கிழமை, நான் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவளும் ஒரு துண்டை எடுத்து மடித்துக்கொண்டே சொன்னாள்.

"நான் நின்னுக்கறேம்மா."

"வேற பாடத்துக்கு மாத்திக்கலாம்னு ஒங்க மிஸ் சொன்னதாச் சொன்னியே. அடுத்த வருசம் தமிழோ வரலாறோ எடுத்தா?"

"நான் அந்தக் கலரத் தெரிஞ்சிக்கத்தான் போனேன். அது இல்லாத பாடத்த எடுத்து என்னா பண்றது?"

"அர்ரியர் எழுதிப் பாரேன் கண்ணு. இன்னும் ஒரே ஒரு வாட்டி."

"க்ளாஸ்ல ஒக்காந்தினு இருக்கறப்ப ஒனக்குத் தெரியாதும்மா. எல்லாரும் ஒரு பஸ்ல ஏறிப் போயிட்ட மாதிரி இருக்கும். நான் மட்டும் ஸ்டாண்டுல நிப்பேன். கேக்கலாம்னு எந்திரிப்பேன். எங்கேருந்து கேக்கறது? மொதல்லேருந்து கேக்கணும்மா."

அவள் அழவில்லை. துண்டை முனைக்கு முனை சரியாக மடித்து அடுக்கின் மேல் வைத்தாள். நான்தான் அழுதேன். அப்பாவிடம் நீயே சொல்லு என்றாள். சொன்னேன். அவர், "அவகிட்ட ஒண்ணும் கேக்காத" என்றார்.

மறுநாள் ஞாயிறு. சாயங்காலம் அவரே கிளம்பச் சொன்னார். அணைப் பூங்காவுக்குப் போய் வரலாம் என்றார். அவரும் மகளும் வண்டியில், நான் ஷேர் ஆட்டோவில். மழை பெய்திருந்ததால் மதகு திறந்திருந்தார்கள். நுரை ஆறு முழுக்க வெள்ளையாக அடைத்துக்கொண்டு நகர்ந்தது. கைப்பிடிச் சுவரோரம் நின்றோம். மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. காற்றில் ஒரு துண்டு பறந்து வந்து சுவரின் மேல் ஒட்டியது. வெயில் பட்டு அதில் பச்சையும் ஊதாவும் ஓடின. அவர் அதைக் குனிந்து பார்த்தார்.

"கண்ணு, அந்தக் கலர் கதையச் சொல்லேன். கேட்டு எவ்ளோ நாளாச்சு."

அவள் ஒரு உள்ளங்கையின் மேல் இன்னொன்றைப் பிடித்தாள். "இது மேல் தோலு. இது கீழ்த் தோலு. வெளிச்சம் வந்து இதுல பட்டுத் திரும்புது..." அவ்வளவுதான். கை அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையைக் கீழே போட்டாள்.

"அதுக்கு மேல கணக்குப்பா."

"கணக்கு வேணாம். அது இல்லாமயே சொல்லு. முன்ன சொல்லுவியே, அந்த மாதிரி."

"முன்ன எனக்குத் தெரியும்னு நெனச்சினு இருந்தேம்பா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். சுவரில் ஒட்டியிருந்த நுரை மெதுவாக வற்றி, ஒரு அழுக்கு வட்டமாக ஆகிற வரைக்கும் மூன்று பேரும் நின்றிருந்தோம். பஜ்ஜி வாங்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றோம்.

மறுநாள் அவர் காலை ஷிப்டுக்குப் போனார். நான் பண்ணைக்கு லீவு சொல்லிவிட்டு மகளோடு கிருஷ்ணகிரிக்குப் போனேன். மதியத்துக்குள் மாற்றுச் சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் இரண்டு பேருக்கும் உட்கார இடம் கிடைத்தது.